எண்ணிம அளவொப்பீட்டுப் பதிவுகளில் அளவீட்டு ஐயப்பாட்டைக் குறித்தல்: வெள்ளகோவில் தேங்காய்ப் பருப்புக் கொள்முதலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அளவுக் கருவி ஒன்றிற்கு வழங்கப்படும் அளவொப்பீட்டுச் சான்றிதழ் தரும் செய்தி ஓர் எண் மட்டுமன்று. அந்த எண் எந்த எல்லை வரை நம்பத்தக்கது என்னும் கூற்றும் அச்செய்தியின் பகுதியாகும். இக்கூற்றே அளவீட்டு ஐயப்பாடு எனப்படுகிறது. காகிதச் சான்றிதழ்கள் எண்ணிமப் பதிவுகளாக மாறிவரும் இக்காலத்தில், அளவு மதிப்பு தரவுத்தளத்தை அடைகிறது. ஐயப்பாடோ பல வேளைகளில் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அவ்வாறு உதிர்வதால் அளவை நம்பி எடுக்கப்படும் தீர்மானம் எவ்வாறு மாறுகிறது என்பதை, திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் வட்டாரத்தின் தேங்காய்ப் பருப்புக் கொள்முதலில் கடைப்பிடிக்கப்படும் 6 விழுக்காட்டு ஈரப்பத வரம்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மதிப்பு, அலகு, ஐயப்பாடு, உள்ளடக்கக் காரணி, உள்ளடக்க நிகழ்தகவு, பரவல், மூலப் படித்தரம் ஆகியவை ஒரே தரவுக் கூறாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: அளவொப்பீடு, அளவீட்டு ஐயப்பாடு, எண்ணிமச் சான்றிதழ், உள்ளடக்கக் காரணி, தடமறிதன்மை, வெள்ளகோவில், தேங்காய்ப் பருப்பு.

முன்னுரை

காங்கேயத்திற்கும் கரூருக்கும் இடையில் அமைந்த வெள்ளகோவில், விசைத்தறிக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. இவ்வூரிலும் அண்மையிலுள்ள முத்தூரிலும் இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு உழவர்கள் தேங்காய்ப் பருப்பைக் கொண்டுவருகின்றனர். கொப்பரை என்று பொதுவாக அறியப்படும் இப்பொருளைக் கொங்கு வட்டார வணிகம் ‘தேங்காய்ப் பருப்பு’ என்றே வழங்குகிறது. காங்கேயம், வெள்ளகோவில் சாலைகளின் இருமருங்கும் காணப்படும் உலர்களங்கள் இத்தொழிலின் அடையாளம்.

குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தின்கீழ் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாகக் கொப்பரை கொள்முதல் செய்யப்படும்போது அதற்கெனத் தர வரையறைகள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, அரவைக் கொப்பரையின் ஈரப்பதம் 6 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது என்பது. இந்த ஒற்றை எண்ணின் இரு பக்கங்களில்தான் ஏற்பும் மறுப்பும் அமைகின்றன. ஈரப்பதமானி 5.9 எனக் காட்டினால் ஒரு முடிவு, 6.1 எனக் காட்டினால் வேறொரு முடிவு. அக்கருவியின் காட்சியை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதற்கு விடை, கருவி அளவொப்பீடு செய்யப்பட்டபோது வழங்கப்பட்ட சான்றிதழில் உள்ளது. அவ்விடை கொள்முதல் மேசை வரை வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

1. சொல்லும் பொருளும்

அளவியல் துறையில் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்தாமல் மேற்செல்ல இயலாது.

முதலாவது, பிழை. பிழை என்பது அளந்த மதிப்பிற்கும் மேற்கோள் மதிப்பிற்கும் உள்ள வேறுபாடு. அது குறியுடன் கூடிய ஓர் எண். பிழை அறியப்பட்டால் அதைத் திருத்திவிடலாம். இரண்டாவது, ஐயப்பாடு. அறிந்த பிழைகளையெல்லாம் திருத்திய பின்னரும் அளவு மதிப்பைப் பற்றி எஞ்சியிருக்கும் அறிவின் குறைவை எண்ணால் உரைப்பதே ஐயப்பாடு. அது எதிர்மமாக அமையாது. ஒரு பரவலின் அகலத்தைக் குறிப்பது. ஐயப்பாடு மிகுதி என்பதால் அளவு தவறு என்றாகாது. ஐயப்பாடு கூறப்படவில்லை என்பதால் அளவு சரி என்றும் ஆகாது.

மூன்றாவது, அளவொப்பீடு. ‘காலிபரேஷன்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ‘அளவுத்திருத்தம்’ என்னும் ஆக்கம் பரவலாக வழங்குகிறது. எனினும் பன்னாட்டு அளவியல் சொற்களஞ்சியம் இச்செயலையும் கருவியைச் சரிசெய்தலையும் வெவ்வேறாகவே வரையறுக்கிறது. ஒரு படித்தரம் தரும் மதிப்பையும் கருவி காட்டும் மதிப்பையும் அவற்றின் ஐயப்பாடுகளுடன் ஒப்பிட்டு, இரண்டிற்குமான உறவை நிறுவுவதே முதற்செயல். கருவியைத் திருப்பியமைப்பது அதன் பின்னர் நிகழலாம், நிகழாமலும் போகலாம். ‘அளவுத்திருத்தம்’ என்னும் சொல், சான்றிதழ் பெற்ற கருவி பிழையற்றதாகத் திருத்தப்பட்டுவிட்டது என்னும் தவறான எண்ணத்தை விளைவிக்கக்கூடும். எனவே இக்கட்டுரையில் ‘அளவொப்பீடு’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

இவற்றுடன் முத்திரையிடுதலையும் வேறுபடுத்திக் காண வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வணிகத்தில் பயன்படும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் பணி தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் வழி நடைபெறுகிறது. முத்திரை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையைத் தருவது: கருவி அனுமதித்த பிழை வரம்பிற்குள் உள்ளதா என்பதே அங்குக் கேள்வி. அளவொப்பீட்டுச் சான்றிதழ் வழங்குவது தீர்ப்பன்று. எண்களால் ஆன விளக்கம். முன்னதன் பதிவில் ஒரு சொல் போதும். பின்னதன் பதிவில் அது போதாது.

2. சான்றிதழில் ஐயப்பாடு அமையும் முறை

அளவீட்டு ஐயப்பாட்டை உரைப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டி 1993இல் முதலில் வெளியானது. 2008இல் அளவியல் வழிகாட்டிகளுக்கான கூட்டுக் குழுவின் 100ஆம் ஆவணமாக மீண்டும் வெளியிடப்பட்டது. அவ்வழிகாட்டியின்படி, மீள அளந்து புள்ளியியல் முறையில் பெறும் கூறுகள் அ வகை எனவும், படித்தரத்தின் சான்றிதழ், கருவியின் பிரிதிறன், முன்னறிவு முதலிய பிற வழிகளில் மதிப்பிடும் கூறுகள் ஆ வகை எனவும் கொள்ளப்படும். ஒவ்வொரு கூறும் திட்ட விலக்கத்திற்கு ஒப்பான திட்ட ஐயப்பாடாக மாற்றப்படும். சான்றாக, 0.1 விழுக்காட்டுப் படிகளில் காட்டும் எண்ணிமத் திரையில், உண்மை மதிப்பு காட்சிக்கு இருபுறமும் 0.05க்குள் எங்கும் சமவாய்ப்புடன் இருக்கலாம். இச்சீரான பரவலின் திட்ட ஐயப்பாடு, 0.05ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் 0.029.

ஒன்றையொன்று சாராத கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்பது கூட்டுத் திட்ட ஐயப்பாடு. அதனை உள்ளடக்கக் காரணியால் பெருக்குவது விரிவாக்கிய ஐயப்பாடு. இயல்நிலைப் பரவலில் உள்ளடக்கக் காரணி 2 எனில், உள்ளடக்க நிகழ்தகவு ஏறத்தாழ 95 விழுக்காடு. சான்றிதழில் அச்சாவது பெரும்பாலும் இந்த விரிவாக்கிய ஐயப்பாடே.

சோதனை, அளவொப்பீட்டு ஆய்வகங்களின் தகுதிக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, அளவொப்பீட்டுச் சான்றிதழில் ஐயப்பாட்டைக் குறிப்பிட வேண்டும் எனக் கோருகிறது. இந்தியாவில் இத்தரநிலையின்படி ஆய்வகங்களுக்கு ஏற்பளிப்பது என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய ஏற்பளிப்பு வாரியம். விரிவாக்கிய ஐயப்பாட்டின் எண்மதிப்பை இரண்டு முக்கிய எண்ணுருக்களுக்கு மிகாமல் எழுத வேண்டும் என்பது ஏற்பளிப்பு அமைப்புகளின் பன்னாட்டுக் கொள்கை. ஆகவே, சான்றிதழை வழங்கும் இடத்தில் ஐயப்பாடு ஒழுங்காகவே பிறக்கிறது. இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகிறது.

3. ஆறு விழுக்காட்டு எல்லையில் ஒரு கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கருதிக்கொள்ளப்பட்டவை. 6 விழுக்காடு என்னும் வரம்பு மட்டுமே நடைமுறையிலிருந்து எடுக்கப்பட்டது.

ஒரு தேங்காய்ப் பருப்புக் குவியலிலிருந்து எடுத்த மாதிரிக்கு ஈரப்பதமானி 6.3 விழுக்காடு எனக் காட்டுகிறது. அக்கருவியின் சான்றிதழ், 6 விழுக்காட்டை ஒட்டிய பகுதியில் கருவி 0.2 மிகுத்துக் காட்டுகிறது என்றும், விரிவாக்கிய ஐயப்பாடு 0.4, உள்ளடக்கக் காரணி 2 என்றும் கூறுகிறது. பிழையைத் திருத்தினால் மதிப்பு 6.1. கருவி சார்ந்த திட்ட ஐயப்பாடு 0.4ஐ 2ஆல் வகுக்க 0.2. இதனோடு சான்றிதழ் அறியாத ஒரு கூறும் உண்டு. மூட்டைக்கு மூட்டை, குவியலின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் ஈரப்பதம் வேறுபடும். மாதிரி எடுத்தலால் வரும் இத்திட்ட ஐயப்பாடு 0.3 எனக் கொண்டால், கூட்டுத் திட்ட ஐயப்பாடு 0.04ஐயும் 0.09ஐயும் கூட்டி வர்க்கமூலம் காண 0.36. விரிவாக்கிய ஐயப்பாடு 0.72.

இப்போது அதே காட்சியை மூவர் மூவகையாகப் படிக்கலாம். சான்றிதழைக் காணாதவருக்கு மதிப்பு 6.3, குவியல் வரம்பைத் தெளிவாக மீறியது. பிழையை மட்டும் அறிந்தவருக்கு மதிப்பு 6.1, குவியல் சற்றே மீறியது. ஐயப்பாட்டையும் அறிந்தவருக்கோ, இயல்நிலைப் பரவலைக் கொண்டு கணிக்கும்போது, அக்குவியலின் ஈரப்பதம் 6 விழுக்காட்டிற்குள் இருப்பதற்கு 39 விழுக்காடு வாய்ப்பு உண்டு. திருத்திய மதிப்பு 5.9 என வந்திருந்தால் அவ்வாய்ப்பு 61 விழுக்காடு. 5.9உம் 6.1உம் இரு வேறு தரங்களைக் குறிக்கவில்லை. ஒரே ஐயத்தின் இரு சாய்வுகளையே குறிக்கின்றன.

இத்தகைய நிலையில் எவ்வாறு முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே அறிவிப்பது தீர்மான விதி எனப்படும். இணக்க மதிப்பீட்டில் ஐயப்பாட்டின் பங்கை விளக்கும் கூட்டுக் குழுவின் 106ஆம் ஆவணம் 2012இல் வெளியானது. 17025 தரநிலையும் இணக்கக் கூற்று வழங்கும்போது தீர்மான விதியைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. வாங்குபவர் 95 விழுக்காடு உறுதியை வேண்டினால், வரம்பிலிருந்து 0.36இன் 1.645 மடங்கான 0.59ஐக் காப்பு இடைவெளியாகக் கழித்து, 5.41 விழுக்காட்டிற்குள் காட்டும் குவியலை மட்டுமே ஏற்பார். அவ்விதியின்கீழ் உழவர் தம் சரக்கை மேலும் உலர்த்த வேண்டும். 6 விழுக்காட்டு ஈரப்பதமுள்ள 1,000 கிலோ பருப்பை 5.41 விழுக்காட்டிற்கு உலர்த்தினால் எடை 6 கிலோவுக்குச் சற்று மேல் குறைகிறது. அது நீரின் எடையே எனினும், விலை பெறும் எடையும் அதுவே.

இனி, சான்றிதழ் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டபோது ‘0.4’ என்னும் எண் மட்டும் சென்று, ‘காரணி 2’ என்பது விடுபட்டது எனக் கொள்வோம். பின்னர் அதைப் படிக்கும் மென்பொருள் 0.4ஐயே திட்ட ஐயப்பாடாகக் கொள்ளும். கூட்டுத் திட்ட ஐயப்பாடு 0.36க்கு மாறாக 0.5 ஆகும். காப்பு இடைவெளி 0.82 ஆக விரியும். ஏற்பு எல்லை 5.18க்கு இறங்கும். 1,000 கிலோவுக்கு எடையிழப்பு 8 கிலோவைத் தாண்டும். ஒரு காரணி விடுபட்டதன் விலை டன்னுக்கு ஏறத்தாழ 2.4 கிலோ, அதை ஏற்பவர் அச்சான்றிதழை ஒருபோதும் கண்டிராத உழவர். மறுதலையாக, திட்ட ஐயப்பாட்டை விரிவாக்கியதாகக் கருதி மீண்டும் 2ஆல் வகுத்தால், ஈரம் மிகுந்த சரக்கு ஏற்கப்பட்டுக் கிடங்கில் பூஞ்சணம் பிடிக்கும் இடர் வாங்குபவரைச் சேரும். இரு தவறுகளிலும் கருவி பழுதற்றது, சான்றிதழ் சரியானது, பதிவே பிழைபட்டது.

4. ஐயப்பாடு உதிரும் இடங்கள்

காகிதச் சான்றிதழைப் படிப்பவர் மனிதர். அட்டவணைக்குக் கீழே உள்ள அடிக்குறிப்பையும் அவர் படித்து இணைத்துக்கொள்வார். பொறிக்கு அந்த இணைப்பு இயல்பாக வாய்ப்பதில்லை. சான்றிதழை ஒளிவருடிப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்தல் எண்ணிமமாக்கல் எனக் கருதப்படுகிறது. அது காகிதத்தின் படம் மட்டுமே. அதிலிருந்து எண்களை விரிதாளுக்கு மாற்றும்போது மீண்டும் ஒரு மனிதக் கை குறுக்கிடுகிறது. அவ்விடத்தில் நேரும் இழப்புகளை ஐவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பிரிவு. மதிப்பு ஒரு பத்தியிலும் ஐயப்பாடு வேறொரு பத்தியிலும் இருக்கும். வரிசைப்படுத்தும்போதோ நகலெடுக்கும்போதோ இரண்டும் பிரிகின்றன.

இரண்டாவது, குறி மயக்கம். சில சான்றிதழ்கள் பிழையையும் சில திருத்தத்தையும் தருகின்றன. ஒன்றின் கூட்டல் மற்றதன் கழித்தல். முற்கூறிய காட்சியில் இவ்விரண்டும் மாறினால் 6.1 கிடைக்க வேண்டிய இடத்தில் 6.5 கிடைக்கும்.

மூன்றாவது, விழுக்காட்டு மயக்கம். ஈரப்பதமே விழுக்காட்டால் அளக்கப்படுவது. ‘ஐயப்பாடு 0.4 விழுக்காடு’ என்னும் தொடர் 0.4 விழுக்காட்டுப் புள்ளியையும் குறிக்கலாம். அளந்த மதிப்பில் 0.4 விழுக்காட்டையும் குறிக்கலாம். 6 விழுக்காட்டில் பின்னதன் அளவு 0.024 மட்டுமே. ஒரே தொடருக்கு இரு பொருள். இடையே பதினாறு மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாடு.

நான்காவது, சுழியங்களின் இழப்பு. 20 கிலோ எடைக்கல் ஒன்றின் மதிப்பு 20.00010 கிலோ எனச் சான்றிதழ் கூறினால், இறுதிச் சுழியமும் பொருளுடையது. மதிப்பு எத்தனையாம் இலக்கம் வரை உரைக்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது. விரிதாள் அதை 20.0001 எனவும், பத்தியின் அகலம் குறைந்தால் 20 எனவும் காட்டும். தசம எண்கள் பலவற்றை இரும எண்முறையில் துல்லியமாக எழுத இயலாது என்பதும் உண்மையே. எனினும் அவ்வேறுபாடு ஐயப்பாட்டை நோக்க மிக நுண்ணியது. உண்மையான சேதம் முழுமையாக்கலால் விளைவதே.

ஐந்தாவது, ஒட்டுறவின் மறைவு. மேடைத் தராசு ஒன்றை 100 கிலோவில் சோதிக்க 20 கிலோ எடைக்கற்கள் ஐந்து பயன்படுத்தப்படுகின்றன எனக் கொள்வோம். பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பின் 111ஆம் பரிந்துரைப்படி எம்-1 வகுப்பு 20 கிலோ எடைக்கல்லின் அனுமதித்த பிழை 1 கிராம். விரிவாக்கிய ஐயப்பாடு அதன் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகக் கூடாது. ஒவ்வொரு கல்லின் விரிவாக்கிய ஐயப்பாடு 0.30 கிராம் எனில், அவை ஒன்றையொன்று சாராதவை என்னும் கருத்தில் ஐந்தின் கூட்டு ஐயப்பாடு 0.67 கிராம். ஐந்தும் ஒரே படித்தர எடையோடு ஒப்பிடப்பட்டு, ஐயப்பாட்டின் பெரும்பகுதி அப்படித்தரத்திலிருந்தே வருவதாயின், ஐயப்பாடுகளை நேராகக் கூட்ட வேண்டும். அப்போது கிடைப்பது 1.5 கிராம். எது பொருந்தும் என்பதை அறிய, ஒவ்வொரு பதிவும் தன் படித்தரத்தின் அடையாளத்தைச் சுமந்திருக்க வேண்டும்.

5. எண்ணிம அளவொப்பீட்டுச் சான்றிதழ்

இவ்விழப்புகளைத் தவிர்ப்பதற்கான முயற்சிகளுள் முதன்மையானது, செருமனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி. முன்னின்று வளர்த்துவரும் எண்ணிம அளவொப்பீட்டுச் சான்றிதழ். ‘ஸ்மார்ட்காம்’ என்னும் ஐரோப்பிய ஆய்வுத்திட்டம் இதற்கான தரவு வடிவங்களை வகுப்பதில் பங்காற்றியது. 2022 மார்ச்சில் பன்னாட்டு எடை அளவுப் பணியகம், பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பு முதலியவை அறிவியல் தரவுகளின் எண்ணிம மாற்றம் குறித்த கூட்டு நோக்க அறிக்கையில் ஒப்பமிட்டன.

இச்சான்றிதழ் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுவது. அதன் முதற்பகுதி ஆய்வகம், வாடிக்கையாளர், கருவி, நாள் முதலிய நிருவாகத் தரவுகளைக் கொண்டது. இரண்டாம் பகுதி அளவீட்டு முடிவுகள். அவற்றைத் தொடர்ந்து விருப்பக் குறிப்புகளும், மனிதர் படிக்கத்தக்க ஆவணமும் இடம்பெறலாம்.

அளவீட்டு முடிவுகள், எண்ணிமப் பன்னாட்டு அலகு முறை என்னும் தரவு வடிவத்தைப் பின்பற்றுகின்றன. அவ்வடிவத்தின் அடிப்படைக் கொள்கை எளியது: எண் தனித்து நிற்கலாகாது. ஒரு மெய்யெண் அளவை எழுதப் புகுவோர் மதிப்பையும் அலகையும் கட்டாயம் தர வேண்டும். ஐயப்பாட்டைத் தருவதாயின், விரிவாக்கிய ஐயப்பாடு, உள்ளடக்கக் காரணி, உள்ளடக்க நிகழ்தகவு ஆகிய மூன்றையும் அதே கூறுக்குள் தர வேண்டும்; பரவலின் வகையையும் அங்கேயே குறிக்கலாம். காரணியை விட்டு ஐயப்பாட்டை மட்டும் எழுதிய கோப்பு, கட்டமைப்பு வரையறையோடு ஒத்துப்பார்க்கும் சோதனையிலேயே தள்ளப்படும். முற்பகுதியில் கண்ட ‘காரணியற்ற 0.4’ இங்கே பிறக்க வழியில்லை. பல மாறிகள் ஒட்டுறவுடன் வரும் இடங்களில் உடன்மாறுபாட்டு அணியைக் குறிக்கவும் வழி உண்டு.

எனினும் வடிவம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மேற்கண்ட வரையறையின்படி ஐயப்பாட்டுக் கூறு கட்டாயமானதன்று. மதிப்பும் அலகும் மட்டும் கொண்ட எண்ணும் முறையானதாகவே ஏற்கப்படும். ஐயப்பாட்டைக் கட்டாயமாக்குவது தரவு வடிவத்தின் வேலையன்று; 17025 தரநிலையின் வேலை, அதை நடைமுறைப்படுத்தும் ஆய்வகத்தின் வேலை. மேலும், கோப்பைப் பெறும் மென்பொருள் அதிலிருந்து மதிப்பை மட்டும் உருவிக்கொண்டால் பழைய இழப்பே புதிய உடையில் திரும்பும். பதிவை எழுதும் முனையில் உள்ள ஒழுங்கு, அதைப் படிக்கும் முனையிலும் இருந்தாலன்றிப் பயன் தராது.

6. தடமறிதன்மையும் தஞ்சைப் பதிவுகளும்

ஓர் அளவு நம்பத்தக்கதாவது, அது ஐயப்பாடு குறிக்கப்பட்ட ஒப்பீடுகளின் தொடரால் ஓர் ஏற்கப்பட்ட மூலத்தோடு இணைந்திருப்பதால். இதுவே தடமறிதன்மை. இந்தியாவில் இத்தொடரின் தேசிய முனை புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை உலோக உருளையைச் சாராது பிளாங்க் மாறிலியைச் சார்ந்து நிற்கிறது. வரையறை மாறினும், கொங்கு நாட்டுச் சந்தையின் எடைக்கல் வரை இறங்கிவரும் தொடரின் தேவை மாறவில்லை. தொடரின் ஒவ்வொரு படியிலும் ஐயப்பாடு கூடுமேயன்றிக் குறையாது. எனவே ஒரு படியில் அது பதியப்படாமற்போனால், அதற்குக் கீழுள்ள படிகள் அனைத்தும் அடித்தளம் இழக்கின்றன.

அளவோடு படித்தரத்தின் பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கம் தமிழ் மரபிற்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் குறிக்கின்றன. ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்கால் இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் என்றும் அவை பதிவுசெய்கின்றன. அணிகலன்களை நிறுக்கும்போது கோத்த சரடு நீக்கப்பட்டதா என்பது போன்ற நிபந்தனைகளும் அவற்றில் இடம்பெறுகின்றன.

இப்பதிவுகளில் ஐயப்பாடு என்னும் கருத்து இல்லை. அது பிற்கால அறிவியலின் ஆக்கம். ஆயினும் அளவு, அலகு, படித்தரம், அப்படித்தரத்தின் ஒப்புமை, அளந்த நிபந்தனை ஆகியவை ஒரே வாக்கியத்தில் பிணைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. கல்லில் வெட்டிய பதிவு தன் பொருளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள வேறோர் ஏட்டைத் தேட வேண்டியதில்லை. இன்றைய விரிதாளின் ஓர் அறையில் நிற்கும் ‘6.1’ என்னும் எண்ணுக்கு அத்தகுதி இல்லை.

7. தமிழில் பதிவு

எண்ணிமச் சான்றிதழின் வடிவம் உரைப்பகுதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தர இடமளிக்கிறது. ஒவ்வோர் உரைக்கும் மொழிக்குறியீடு இணைக்கப்படும். எழுத்துகள் யூனிகோடு முறையில் அமையும். ஆகவே ஒரே கோப்பில் ஆங்கிலத்தோடு தமிழும் இடம்பெறத் தொழில்நுட்பத் தடை இல்லை. அளவு மதிப்புகள் மொழி சாராதவை. அவற்றின் பெயர்களும் விளக்கங்களுமே மொழி சார்ந்தவை. ஒரே மதிப்பிற்கு இரு மொழிப் பெயர்கள் இருக்கும்போது, பொறி தன் அடையாளக் குறியீட்டையும், விற்பனைக்கூடத்துப் பணியாளரும் உழவரும் தமிழ்ப் பெயரையும் படிக்கலாம்.

இதற்கு இரு முன்தேவைகள் உள்ளன. ஒன்று, நிலைபெற்ற கலைச்சொல். ஐயப்பாடு, நிச்சயமின்மை, உறுதியின்மை எனப் பல ஆக்கங்கள் ஒரே கருத்திற்கு வழங்குவதும், அவற்றோடு ‘பிழை’ என்பது கலந்து ஆளப்படுவதும் பதிவின் பொருளை மாற்றிவிடும். மற்றொன்று, எண் எழுதும் முறை. இலக்கக் குழுக்களைப் பிரிக்க இந்திய வழக்கில் இடும் காற்புள்ளி, செருமனி முதலிய நாடுகளில் தசமக் குறி. மனிதர் படிக்கும் பகுதியில் நம் வழக்கைக் கொள்ளலாம். பொறி படிக்கும் பகுதியில் குழுப் பிரிப்பின்றி, தசமப் புள்ளியுடன் மட்டுமே எழுத வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பெறப்படுவன பின்வருமாறு. அளவீட்டு ஐயப்பாடு அளவு மதிப்பின் பின்னிணைப்பன்று, அதன் உறுப்பு. ஐயப்பாட்டின் எண் மட்டும் பதிவானால் போதாது. அது திட்ட ஐயப்பாடா, விரிவாக்கியதா, எந்தக் காரணியுடன், எந்த அலகில், எந்தப் படித்தரத்தைச் சார்ந்து என்பனவும் உடன் பதியப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபடினும் நல்ல கருவியும் நல்ல சான்றிதழும் தவறான தீர்மானத்திற்கு இட்டுச்செல்லும். சான்றிதழின் ஐயப்பாடு கருவியை மட்டுமே பேசுவது. மாதிரி எடுத்தலின் ஐயப்பாட்டை அளக்கும் இடத்தில்தான் சேர்க்க முடியும். அதற்கும் பதிவில் இடம் வேண்டும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் ஈரப்பதமானிகளுக்கான பதிவேட்டில், கருவியின் அடையாளம், அளவொப்பீட்டு நாள், 6 விழுக்காட்டை ஒட்டிய பிழை அதன் குறியுடன், விரிவாக்கிய ஐயப்பாடு விழுக்காட்டுப் புள்ளியில், உள்ளடக்கக் காரணி, படித்தரத்தின் அடையாளம், கடைப்பிடிக்கும் தீர்மான விதி ஆகிய ஏழு புலங்களைச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் மாற்றமன்று. மாதிரி எடுத்தலின் ஐயப்பாடு குவியலுக்குக் குவியல் மாறுவதாகலின், அதனைக் கொள்முதல் சீட்டிலேயே எழுதிவிடலாம். தம் சரக்கு மறுக்கப்படும்போது, எந்த எண்ணால், எந்த விதியால் மறுக்கப்பட்டது என்பதைக் கேட்டறியும் உரிமை விற்பவருக்கு உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க பதிவே முழுமையான பதிவாகும்.